கண்ணீர் அஞ்சலி, தீபாவளி முதல்

என் ஆசை அண்ணனுக்கு,

உன் தலைவர் சௌக்கியமாக இருக்கிறார். முதலில் அதைத்தானே கேட்பாய்? தென்னை மர உயரக் கட்டவுட்டுக்கு மாலை போடச் சாரத்தில் ஏறி, கால் தவறி விழுந்து செத்தாயே, அந்தப் படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. கட்டவுட்டைக் கழற்றிக் கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நீ போன மறுநாளே மந்தைவெளியிலிருந்து லஸ் வரை சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள் உன் ரசிகர் மன்றத்து நண்பர்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கும் தலைவர். மூலையில் உள்ளங்கை அளவுக்கு நீ, உன் தலைமேல் அவர் கை. அடியில் அடுத்த படத்தின் பெயரும், 'தீபாவளி முதல்' என்றும். எழவு வீட்டிலும் விளம்பரம் செய்யத் தெரிந்தவன் எவனோ, பிழைக்கத் தெரிந்தவன்தான்.

நம் வீட்டில் நீ தனியாக நிற்கும் போட்டோ ஒன்றுகூட இல்லை. எடுத்ததெல்லாம் பேனர் பக்கத்தில்தானே? அம்மா ஒட்டாத போஸ்டர் ஒன்றை வாங்கி, உன் முகத்தை மட்டும் வெட்டி ஃபிரேம் போட்டிருக்கிறாள். அவர் விரல் இரண்டு உன் தலைமுடியிலேயே இருக்கிறது. அதையும் வெட்டினால் உன் நெற்றி போய்விடும்.

நேற்று மன்றச் செயலாளர் ஆட்களோடு வந்தார். "புதுப் படத்துக்கு அதே எடத்துல கட்டவுட்டு வெக்கிறோம்மா. தம்பி போட்டோ குடு, தலைவரு கால்கிட்ட பெருசா வரைஞ்சிடலாம். ஊரே பாக்கும்."

அம்மா கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். உன் முகத்தைப் பெரிதாகப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

"எம்புள்ள சாவுக்கு ஏன் வரல அவரு?" என்று கேட்டாள்.

"ஷூட்டிங்ல கீறாரும்மா."

"வருசம் திரும்பப் போவுது. இன்னும் அதே ஷூட்டிங்கா?"

செயலாளர் வாட்ச்சைப் பார்த்தார். "போட்டோ இல்லப்பா, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய் அழுதாள்.

நான் அழவில்லை. அவர்களை நினைத்தால் அருவருப்பு. உன்னை நினைத்தால் கோபம். வாழ்நாள் முழுக்க அவரை அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தாயே. எங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கவே வேண்டாமே அண்ணே, பக்கத்திலேயே இருந்தோமே?

உன் முகம் இனி எவன் காலடியிலும் இருக்காது. அம்மா மனம் மாறினாலும் நான் விடமாட்டேன்.

உன்னைத் தவிர எவரையும் அண்ணன் என்று கூப்பிடாத,
உன் தங்கை கலா