பேராசிரியருக்குத் தமிழ் சொன்ன வாரம்

ஒக்டோபர் 6, திங்கள்
பதுளையில் விடாத மழை. குடை பஸ்ஸில் போச்சு. சனிக்கிழமை எங்கள் தோட்டத்தில் தேர்தல் கூட்டமாம், சிங்களப் பேச்சைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டுமாம், மொழிபெயர்ப்பாளன் என்று என்னைக் கேட்டார்கள். பேசப் போவது வேட்பாளர் பே.

பேராசிரியர். முழுப் பெயர் எழுதி இந்த டயரியை அழுக்காக்க மாட்டேன். வீடு கட்ட ஏழு பேர்ச் துண்டுக் காணி கேட்ட அம்மாவின் மனுவை, காணி அமைச்சில் இருந்தபோது மறித்தவர். மண் நாட்டின் இறைமையாம், வந்தேறிகளுக்குக் கொடுக்க முடியாதாம். அம்மா பிறந்த லயத்துக் காம்பராவிலேயே, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறையிலேயே, மாசியில் செத்துப்போனாள். உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒக்டோபர் 8, புதன்
வெயில். வாங்க: பற்றரி, லீக்ஸ், குடை.
பே.யின் பழைய பேச்சுகள் கேட்டேன். மாகாணத்துக்கு அதிகாரம் என்பது வெளிநாட்டுச் சரக்காம். பிரிக்க முடியாத ஒரே இறைமைதான் நம் மன்னர்கள் தந்ததாம். பச்சைப் பொய். மன்னர் காலத்தில் எங்கள் ஊவா மாகாண அதிகாரத்தில் திசாவை என்ற ஆளுநருக்கு ஒரு பங்கு, விகாரைக்கு ஒரு பங்கு, ஊருக்கு ஒரு பங்கு. எல்லாம் ஒரே கையில் என்பது ஐரோப்பாவில் எழுதி, வெள்ளைக்காரன் கப்பலில் வந்த யோசனை. என் பூட்டனும் தேயிலைத் தோட்ட வேலைக்கு அவன் கப்பலில்தான் வந்தார். யோசனை இந்நாட்டுப் பிரஜை ஆகிவிட்டது. பூட்டன் பிள்ளைகளின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள்.

ஒக்டோபர் 10, வெள்ளி
தடிமன். கொத்தமல்லித் தண்ணி.
எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சிங்களத்தில் காரமாக வந்தால் தமிழில் தயிர் விட்டுக் கொடுப்போம். பே. "விருந்தாளிகள்" என்பார், நாங்கள் "சகோதரர்கள்" என்போம். கைதட்டுவார்கள், ஓட்டும் விழும். நாளை தயிர் கிடையாது. இந்தத் தோட்டத்தில் ஒரு ஓட்டும் அவருக்கு விழக்கூடாது.

ஒக்டோபர் 11, சனி
பனி. கோயில் மைதானம் நிறைய ஆட்கள். பே.க்குத் தமிழில் வணக்கம் மட்டும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். நீங்கள் எங்கள் விருந்தாளிகள், விருந்தாளி வீட்டில் பங்கு கேட்கக் கூடாது என்றார். சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன், மைக்கை வாயோடு ஒட்டி வைத்து. ஒரு கைதட்டல் இல்லை. பழி வாங்க ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

கார் போனதும் கொழுந்தெடுக்கிற மகேஸ்வரியக்கா வந்தார்.
"நெசமாவே அப்படித்தான் சொன்னாரா, தம்பி?"
"ஆமாங்கக்கா. நான் எதுவும் கூட்டல, குறைக்கல."
"விருந்தாளிய எவனாச்சும் மழையில மலையேத்தி வேல வாங்குவானா? ஓட்டுக் கேட்டு வரட்டும், சொல்றேன்."

ஒக்டோபர் 12, ஞாயிறு
மழை இல்லை. பே.யின் செயலாளர் போன். ஐயாவுக்கு ரொம்பத் திருப்தியாம். இவ்வளவு அமைதியாக, மரியாதையாக எந்தத் தோட்டமும் அவர் பேச்சைக் கேட்டதில்லையாம். எல்ல, வெலிமடை, பண்டாரவளை, எல்லாக் கூட்டத்துக்கும் நானே வர வேண்டுமாம்.
வருகிறேன் என்றேன்.