மெழுகிய வீடு

செவ்வாய், இரவு.

வெள்ள நிவாரணத்துக்காகச் சேதம் பார்க்க இன்று எங்கள் கிராம அதிகாரி, விதானையார், வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் என் மனைவி ரதி, வெள்ளம் கரைத்த மண்சுவரைப் பூசி, நிலத்தை மெழுகி, அவர் உட்கார அயலில் கதிரை ஒன்றும் இரவல் வாங்கிப் போட்டுவிட்டாள். அவர் தேத்தண்ணீர் குடித்தார். படம் எடுத்தார்.

"சேதம் ஒண்டும் தெரியேல்லையே, தங்கச்சி. படத்தில தெரியாட்டி அரசாங்கம் தராது."

நனைந்து முளைத்த நெல்மூட்டையைக் காட்டினேன். அது வீட்டுச் சேதம் இல்லையாம். வந்த கோபத்துக்குக் கதிரையைத் தூக்கி எறிந்திருப்பேன். இரவல் கதிரை.

"வீட்டுக்கு வாற மனுசனைச் சேத்துக்குள்ளையோ இருத்துறது?" என்று ரதி என்னைத்தான் ஏசினாள்.

முறையிட்டால் மறுபடி வந்து பார்ப்பார்களாம். படுக்கும்போது சொன்னேன்.

"அப்ப அண்டைக்கும் மெழுகவேணும்" என்கிறாள்.