பெயர் எழுதாத சீட்டு

மண்ணூர்,
20.11.1991

அன்பு மகளுக்கு,

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, நான் பாடம் நடத்துவது எப்படி இருக்கிறது என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். எல்லாச் சீட்டிலும் 'நல்லா கீது டீச்சர்' என்றே எழுதியிருந்தது, ஒன்றைத் தவிர.

"டீச்சர் கேள்வி கேக்குறாங்க. நாங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே பதிலும் சொல்லிடறாங்க. அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

கோபம் வந்தது. கையெழுத்தை வைத்து யாரென்றும் கண்டுபிடித்துவிட்டேன். ஆனாலும் மறுநாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணும்போது கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. இந்த வருஷம் இதுவரை வாயே திறக்காத பெண்.

வீட்டில் எண்ண வேண்டியதில்லை. கேள்வி கேட்க இங்கே யார் இருக்கிறார்கள்?

உன்னைப் பெண்பார்க்க வந்த அன்று சமையலறையில், "மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். நீ நிமிர்வதற்குள் கூடத்துக்குப் போய், "அவளுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த இரண்டு தீபாவளிக்கும் நீ வரவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று, விசாரிப்பவர்களிடம் நானேதான் சொல்லிவைக்கிறேன்.

அங்கே நன்றாக இருக்கிறாயா, கண்ணு?

இந்த இன்லேண்டு லெட்டரில் இன்னும் பாதிக்கு மேல் இடம் இருக்கிறது. அதை நான் நிரப்பப் போவதில்லை.

அம்மா