பாலத்துக்கு அப்பால் தனியாகப் போனேன், அருளண்ணை

என் நெஞ்சில் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கும் அருளண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு முதல் தடவையாகப் போன கிழமை தனியாக பஸ் ஏறினேன். பயத்தோடுதான் ஏறினேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இந்த மூட்டுவாதம் என்னைப் பிடித்த நாள் தொட்டு வெளியே கூட்டிப் போனது நீங்கள்தானே. நீங்கள் முன்னே ஏறி, உங்களுக்குத் தெரிந்த டேனிஷில் டிரைவரைப் பொறுக்கச் சொல்வீர்கள். பிறகுதான் நான் காலைத் தூக்குவேன். உங்கள் இதயம் திடீரென்று நின்றுபோனதும் நான் அறையை விட்டு வெளிக்கிடுவதையே விட்டுவிட்டேன். ஐஸ் பிடித்த தெருவில் விழுந்தால்? விழுந்த வலியில் தெரிந்த டேனிஷும் மறந்துபோனால்?

ஆனால் பாலத்துக்கு அக்கரையில், ஓல்போர்க் நகரப் பொலிஸ் கந்தோரில் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவி ரஞ்சியையும் மகளையும் இங்கே எடுக்கும் விஷயம். போகாமல் இருக்கலாமா?

பாலத்தடியில் பஸ் நின்றுவிட்டது. கப்பல் போகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். மற்றவர்கள் பேப்பர் வாசித்தார்கள்; எனக்கு வியர்த்தது. அசையாமல் இருந்தால் என் முழங்கால்கள் இறுகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பாலம் இறங்கி, அக்கரையில் பஸ் நின்றபோது என்னால் எழும்ப முடியவில்லை. கதவு திறந்தது. அது மூடிவிட்டால் எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? கம்பியைப் பிடித்தபடி, "வென்ட்! வென்ட்!" என்று கத்தினேன். பொறுங்கள் என்று. கத்தினேனோ அழுதேனோ, தெரியாது.

பஸ் ஓட்டிய பெண் எஞ்சினை நிறுத்திவிட்டு எழும்பி வந்தாள். "ரோலி, ரோலி," என்றாள். அவசரமில்லையாம். என்னைப் பிடித்து இழுக்கவில்லை. எனக்கு முன்னால் நின்று, நான் ஒரு படி இறங்க அவளும் ஒரு படி பின்னுக்கு இறங்கினாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, அண்ணை.

கந்தோரில் மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். "அனுமதி வந்திட்டுது, தம்பி. ரெண்டு பேரும் வரலாம்," என்றார். சந்தோஷத்துக்கு முன்னே உங்கள் நினைவுதான் வந்தது. உங்கள் பெயரைச் சொல்லி, மன்னாரில் இருக்கும் அண்ணியின் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அவருக்கு நீங்கள் ஆர்?"

"தம்பி," என்றேன். கூடப் பிறக்காவிட்டாலும் வேறென்ன சொல்ல?

அவரும் அதிகாரியும் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கூப்பிட்ட ஆள் இல்லையெண்டா, அதுவும் அதோட முடிஞ்சுது."

எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே பார்க்காமல் கிடப்பில் வைத்திருந்தார்களாம். அதை விசாரிக்கப் போகிறார்களாம். பேப்பர் முழுக்க இப்போது எங்கள் கதைதான். விசாரிக்கட்டும். நீங்களும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போன காலத்தை யார் திருப்பித் தருவார்கள்?

கொழும்புக்கு வந்துவிட்ட ரஞ்சியோடு நேற்று ரெலிபோனில் கதைத்தேன். "நான் எழுதினதை விடக் கால் மோசம். பாத்தாப் பயந்துபோவாய்," என்றேன்.

"ஷெல் விழுந்த றோட்டால பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தனான். உங்கட காலுக்கோ பயப்பிடப் போறன்?" என்றாள்.

அவளுக்குப் பயமில்லை. எனக்கு இருக்கிறது. அவர்கள் வந்திறங்கும்போது நான் நிற்கும் நாளாக இருக்குமா, கிடக்கும் நாளாக இருக்குமா?

ஒன்று மட்டும் உறுதி, அண்ணை. பனி கரைந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு உங்களைப் புதைத்த சேமக்காலைக்கு வருவேன். வாசல் வரைக்கும் பஸ் இல்லை என்று தெரியும். நின்று நின்றாவது நடந்து வருவேன். நீங்கள் படுத்திருக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று அண்ணி கேட்டு எழுதியிருக்கிறா. என் கண்ணால் பார்த்துத்தான் பதில் எழுதுவேன்.

கந்தோரில் கேட்டபோதும் உங்கள் தம்பி என்றே சொன்ன,
மரியதாஸ்