மழை விட்ட பிறகு பாடியவர்கள்

ப்ளைன்ஹெலிக்
13 பிப்ரவரி 1967

அன்புள்ள இட்வால்,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை டெலிவிஷனில் பார்த்தேன். கன்னம் உப்பிப் புதுக் கோட்டுப் போட்டு நன்றாகத்தான் இருக்கிறாய். எதிர்வீட்டு ஓல்வென் வீட்டில் அறை நிறைய ஆட்கள். நீ "என் பெண்டாட்டி நெஸ்டா" என்றதும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. உலகத்தில் உனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

"புகைபோக்கி பத்திக்கிச்சு. நெஸ்டா ஓடி வந்தா. 'தீ... தீ... தீ...'ன்னா. பொம்பள பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு மரியாதையா காத்திருந்தேன். அவ சொல்லி முடிச்சப்ப கூரையே இல்ல." இதற்கு லண்டன்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரி. அன்று நடந்தது என்ன? நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஈரச் சாக்கை எடுத்து நானே அணைத்தேன். நீ குடித்துவிட்டு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய்.

இன்று காலை கறிக்கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே க்ளெட்வின் உன்னைப் போலவே கண்ணை உருட்டிக்கொண்டு, "ஈ... ஈ... ஈரலா?" என்றான். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன வருஷம் வரை நான் பேசி முடிக்கும்வரை பேசாமல் நின்றவர்கள்தான். சிரிக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ.

திக்கிப் பேசுகிறவளைக் கட்டிக்கொண்டாய். கட்டிக்கொண்டபோது அது உனக்குத் தெரியும். காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை, ஆகவே காகிதத்தில் கேட்கிறேன்: அந்த நெஸ்டாவை எடுத்துவிடு.

உன் மனைவி
(டெலிவிஷனில் வருகிறவள் அல்ல)
நெஸ்டா

லண்டன்
20 பிப்ரவரி 1967

என் கண்ணே நெஸ்டா,

உன் கடிதம் வந்தது. அதில் மையை விட மிளகு அதிகம். வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளேன், என் ராணி.

கொஞ்சம் யோசித்துப் பார். பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கினேன். பாட்டுதான் என்னை மேலே கொண்டுவரும் என்று நம்பி, உன்னைப் பியானோவில் உட்கார வைத்துக் கிளப் கிளப்பாகப் பாடினேன். யார் கண்டுகொண்டார்கள்? நம் பள்ளத்தாக்கில் தடுக்கி விழுந்தால் ஒரு பாடகன் மேல்தான் விழ வேண்டும். போர்த்கால் கடற்கரையில் கோடைக் கச்சேரியன்று பாட்டுக்கு நடுவே சும்மா உன்னைப் போல் பேசிக் காட்டினேன். அன்றுதான் ஏஜென்ட் வந்திருந்தார். அந்தத் திக்குவாய்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. அதை எப்படி எடுப்பேன்? நெஸ்டா என்றால் நாடே சிரிக்கிறது, அதுவும் ஒரு புகழ்தானே.

இப்போது நல்ல சேதி. இலையுதிர் காலத்தில் வாராவாரம் என் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தரலாம் என்கிறார்கள். அதற்கு முன் ஒரு மாதிரி நிகழ்ச்சி எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கே தெரியுமா? நம் ஊர்க் கிளப்பில். ஏப்ரல் எட்டு, சனிக்கிழமை. வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்து, கடைசியில் "மழை விட்ட பிறகு" பாடி அழ வைக்க வேண்டும். வேடிக்கைக்காரன் வேண்டியமட்டும் கிடைப்பான், பாடவும் தெரிந்தவன்தான் வேண்டும் என்கிறார்கள்.

நீதான் வாசிக்க வேண்டும். இங்கே வந்த நாலு வருஷமும் வேடிக்கைப் பாட்டுகளோடு ஓட்டிவிட்டேன். இந்தப் பாட்டை மட்டும் இரண்டு பேரோடு முயன்று பார்த்தேன். லண்டன் பியானோக்காரர்கள் என் தொண்டையை நெரிக்கிறார்கள். உன் கை பட்டால்தான் குரல் தானாக மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

என்றும் உன்
இட்வால்

ப்ளைன்ஹெலிக்
24 பிப்ரவரி 1967

அன்புள்ள இட்வால்,

வாசிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அன்று, நம் ஊர் மேடையில், என் ஆட்கள் முன்னால், நான் பியானோவில் உட்கார்ந்திருக்கும்போது, நீ என்னைப் போல் பேசக் கூடாது. லண்டனில் செய்வதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

சரி என்றால் எழுதி அனுப்பு. வாயால் சொன்னதாகப் பின்னால் சொல்லாதே.

நெஸ்டா

லண்டன்
1 மார்ச் 1967

என் கண்ணே,

இதோ எழுதிவிட்டேன்: பேச மாட்டேன். என் அம்மாவின் கல்லறை மேல் ஆணை. மாமியார் வேடிக்கை, பாதிரியார் வேடிக்கை என்று என்னிடம் எவ்வளவோ இருக்கிறது.

கிளப் செயலாளர் மோஸ்டினிடம் சொல்லிப் பியானோவைச் சுருதி சேர்த்து வை. அந்தப் பச்சைக் கவுனைப் போட்டுக்கொள். விளக்கு வெளிச்சத்தில் உனக்கு எடுப்பாக இருக்கும்.

உன் இட்வால்

லண்டன்
10 ஏப்ரல் 1967

நெஸ்டா,

என்ன செய்தாய்?

மத்தியானம் ஒத்திகையில் பாட்டு தேனாக வந்தது. டெலிவிஷன்காரர்கள் கை தட்டினார்கள். ராத்திரி அதே மேடை, அதே பியானோ. முதல் வரியிலேயே தொண்டை இறுகிவிட்டது. இரண்டாவது அடியில், அந்த உச்சி இடத்தில், என் வாயிலிருந்து வந்தது குரலா? கழுத்தைத் திருகின வாத்து கத்தியது போலிருந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் வாத்து. நீ நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கல் மாதிரி உட்கார்ந்து வாசித்துக்கொண்டே போனாய்.

பின்வரிசையிலிருந்து எவனோ, "நீ எறங்கி வாப்பா, நாங்க பாடிக்கிறோம்" என்றான். பிறகு அந்தக் கூட்டம் முழுதும் எழுந்து நின்று, நாலு குரலாகப் பிரிந்து, என் பாட்டை என் முகத்துக்கு முன்னாலேயே பாடி முடித்தது. நான் நடு மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு வணக்கம் போடலாம் என்று குனிவதற்குள் மோஸ்டின் மைக்கைப் பிடுங்கி, "கறி அடைச்ச ரொட்டி வந்திருச்சு, சூடா இருக்கு, வரிசையா வாங்க" என்றான்.

ஆமாம், உன்னைப் போல் பேசினேன். ஒப்புக்கொள்கிறேன். பாதிரியார் வேடிக்கைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. "நெஸ்டாவைப் போடு, நெஸ்டாவைப் போடு" என்று மேசையைத் தட்டினார்கள். மேடையில் நிற்கிறவனுக்குத்தான் அந்த நிலைமை தெரியும். உன் முகத்தைக் கேமராவில் காட்டச் சொன்னது நான் இல்லை.

அதற்காக ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போடுவாயா? பதில் எழுது.

இட்வால்

ப்ளைன்ஹெலிக்
14 ஏப்ரல் 1967

அன்புள்ள இட்வால்,

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். அந்த வாத்து வரும் இடம் மிக நன்றாக இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாய். ஒன்றும் செய்யவில்லை. அச்சடித்த தாளில் எந்தச் சுருதி போட்டிருக்கிறதோ அந்தச் சுருதியில் வாசித்தேன். சந்தேகமாக இருந்தால் இசை தெரிந்த யாரிடமாவது காட்டிக் கேள்.

இத்தனை வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று நீ கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். நமக்குக் கல்யாணமான புதிதில் உனக்கு மார்ச் மாதச் சளி பிடித்தது. அன்று பாட்டை அரைக்கட்டை இறக்கி வாசித்தேன். சளி போயிற்று, உச்சி இடம் திரும்பி வரவில்லை. நிலக்கரித் தூசும் சிகரெட்டும் விஸ்கியும் படியப் படிய, உன் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே பாட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அரைக்கட்டை, இன்னும் அரைக்கட்டை. உனக்குத் தெரியவே இல்லை. நீ சேப்பல் கோயிலில் டோ, ரே, மி என்று ஸோல்-ஃபா பாடிப் பழகியவன். 'டோ'வை எங்கே வைத்தாலும் உனக்கு அது 'டோ'தான். நானும் அங்கேதான் படித்தேன். ஆனால் பியானோவில் உட்கார்ந்தவளுக்கு எந்தக் கட்டையில் விரல் இருக்கிறது என்று தெரியும். நீ பியானோ பக்கம் பார்த்ததுமில்லை. மேடையிலிருந்து இறங்கி, "பதினெட்டு வயசுக் குரல் அப்படியே இருக்கு பாத்தியா நெஸ்டா" என்பாய். நான் தலையை ஆட்டுவேன். உன்னைச் சின்னவனாக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒத்திகையில் இறக்கித்தான் வாசித்தேன். ராத்திரியும் அப்படி வாசிக்கத்தான் பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ "தீ... தீ..." என்று ஆரம்பித்தாய். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. என் கூடப் பிறந்த அண்ணன் முதல் மேசையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். நீ என் பக்கம் கையை நீட்டி, "இதோ, நிஜ நெஸ்டா, எழுந்து ஒரு வார்த்தை பேசு" என்றாய். இதை உன் கடிதத்தில் எழுத மறந்துவிட்டாய். நான் எழுந்தேன். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொண்டாய்.

உட்கார்ந்தேன். கையைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான்.

பொய் சொல்ல மாட்டேன், இட்வால். சுகமாக இருந்தது. நீ இரண்டாவது முறை மூச்சை இழுத்தாயே, மறுபடி எட்டிப் பிடித்துவிடலாம் என்று, அப்போது நான் நினைத்திருந்தால் இறக்கியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. இறக்கவில்லை. நம் ஆட்கள் கோணல் வேடிக்கையைக்கூட மன்னிப்பார்கள், சுருதி தவறினால் மன்னிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவர்கள் பாடியபோது நானும் பாடினேன். பாட்டில் எனக்குத் திக்காது என்பது உனக்கு நினைவிருக்கும். பல வருஷமாகத் தரையில் கிடந்த பாட்டு, அன்று அது எழுதப்பட்ட உயரத்தில் நின்றது.

கறிக்கடையில் க்ளெட்வின் இப்போது வாத்துக் குரலில் கூவிக் காட்டுகிறான். கடை முழுதும் சிரிக்கிறது. நானும் சிரித்தேன்.

நெஸ்டா

லண்டன்
2 மே 1967

என் அன்பு நெஸ்டா,

நீ எழுதியதை நம்பாமல் தாளைக் கொண்டுபோய் ஒருவரிடம் காட்டினேன். என் தாள் என்று சொல்லவில்லை, ஒரு நண்பனுடையது என்றேன். தாளில் உள்ளபடி வாசித்துக் காட்டினார், அந்த உச்சி எனக்கு எட்டாத உயரம். நீ சொன்னது நிஜம்.

கோபமாக எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நான் பாடகன் என்று நினைத்து மேடையேறிய ஒவ்வொரு ராத்திரியும் நீ என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்கு நான் செய்த கைம்மாறு எனக்குத் தெரியும்.

இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார்கள். இருபதாம் தேதி, கார்டிஃபில், அவர்களுடைய அரங்கில், அவர்களுடைய பியானோக்காரர். பாட்டு நன்றாக வந்தால் நிகழ்ச்சி எனக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. ஏஜென்டும் இனிமேல் போனை எடுக்க மாட்டார். எனக்கு நாற்பத்து மூன்று வயது, நெஸ்டா. சுரங்கத்துக்குத் திரும்பிப் போக நுரையீரல் இடம் கொடுக்காது.

நீ வா. நீயே வந்து வாசி. அந்தத் திக்குவாய் வேடிக்கையைத் தலைமுழுகிவிடுகிறேன். இங்கே ஒரு வீடு எடுப்போம், பின்னால் தோட்டம் வைத்து. நான் உன்னை விட்டுப் போனதையெல்லாம் மறந்துவிடுவோம்.

வர மனமில்லை என்றால், எத்தனை கட்டை இறக்கினாய் என்பதை மட்டுமாவது எழுது. ஒரு வரி போதும். அந்தச் சுருதியில் புதிதாக ஒரு தாள் எழுத வைத்து, "நான் எப்போதும் இதில்தான் பாடுவேன்" என்று பியானோக்காரரிடம் கொடுத்துவிடுவேன். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

உன் காலில் விழுகிறேன்.

உன் இட்வால்

ப்ளைன்ஹெலிக்
8 மே 1967

அன்புள்ள இட்வால்,

நான் வர மாட்டேன். தோட்டமும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பாண்டிப்ரித்துக்குப் பஸ் ஏறிப் போய் வக்கீலைப் பார்த்தேன். அண்ணன் கூட வந்து பேசுகிறேன் என்றான். வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டேன். 'விவாகரத்து' என்று அந்த மனிதரிடம் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. முடித்தேன். நீ விட்டுப் போய் நாலு வருஷம் ஆனதே போதும் என்கிறார். தாள்கள் உனக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்த வீட்டுக்கு இனி எழுதுவதானால் உறையில் என் அப்பாவின் குடும்பப் பெயரைப் போடு.

எத்தனை கட்டை என்று எழுதவும் மாட்டேன். அது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கார்டிஃபில் இருக்கிற பியானோக்காரர் உன்னை இரண்டு வரி பாடச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். நீ கேட்டால் போதும். சுற்றி ஆட்கள் இருக்கும்போது, உன் வாயால், "எனக்கு மேலே எட்டவில்லை, இறக்கி வாசியுங்கள்" என்று சொல்ல வேண்டும். சின்ன வாக்கியம்தான்.

முதல் சொல் தொண்டையிலேயே நிற்கும். அவர் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். காது சூடாகும், முதுகு வேர்க்கும், பேசாமல் வெளியே போய்விடலாம் போலிருக்கும். பக்கத்தில் ஒருத்தன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவான். அவனைப் பார்க்காதே. அடுத்த சொல்லைச் சொல்.

நான் ரொட்டி வாங்குவது அப்படித்தான்.

நெஸ்டா ப்ரீஸ்