கேப்டனைச் சுமந்தவன்

1976, வைகாசி 4, திங்கள். கொல்லங்கோடு.

இன்று பள்ளிக்கூட மைதானத்தில் கேப்டனுக்குப் பாராட்டு விழா. இமயமலை ஏறப்போன குழுவுக்குத் தலைவர், நம்மூர்க்காரர். அந்தப் பயணத்தைப் பத்திரிகைக்கு எழுதக் கூடவே போனவன் என்பதால் எனக்கும் முன்வரிசையில் நாற்காலி.

"பனிப்புயல்ல ரெண்டு நாளு தனியாத் தவிச்சு, நானே எறங்கி வந்தனுங்க" என்றார் மைக்கில். பச்சைப் பொய். குழுவுக்குச் சுமை தூக்க வந்த பாசாங் என்ற ஷெர்பாதான் அவரை முதுகில் கட்டிச் சுமந்து இறக்கினான். முகாமில் அவன் பூட்ஸைக் கழற்றியவன் நான். கால்விரல்கள் பனியில் விறைத்துக் கறுத்திருந்தன.

பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். "உங்களத் தூக்கிட்டு வந்த பாசாங்கப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"ஏனுங்க, சுமக்கறதுதான அவன் வேலை? நீங்க எழுதுனதுலயே அவன் பேரு இல்லீங்களே!" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

வீட்டுக்கு வந்து என் கட்டுரைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கேப்டன் வீட்டு நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. பாசாங் வரும் இடத்தில் 'ஒரு கூலியாள்'. ஆசிரியர்தான் மாற்றியிருப்பார் என்று கையெழுத்துப் பிரதியைத் தேடினேன். அதிலும் அப்படியே இருக்கிறது. என் கையெழுத்து.

"பாசாங்னு சொன்னீங்களே, அவருக்கே ஒரு காயிதம் போடுங்க" என்றாள் சரசு, என் மனைவி.

மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். குழு அவனை வேலைக்கு எடுத்த ஊரை வைத்து, உறைமேல் 'பாசாங், டார்ஜிலிங்' என்று எழுதினேன். அதற்குமேல் என்ன எழுதுவது? ஒன்றரை மாதம் அவன் போட்ட டீயைக் குடித்திருக்கிறேன். உன் ஊர் எது என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.