நிலவறையில் துடைத்த தண்ணீர்

டேட்டன், ஓஹையோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். சித்தி தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை, பள்ளி விடுமுறை என்பதால், லோரெய்ன் சித்தி விற்றுத்தரும் வீட்டைக் காட்ட உதவிக்குப் போனேன். வாங்க வந்த கர்ப்பிணிப் பெண், "ஏம்மா விக்கிறாங்க?" என்று கேட்டாள். "விவாகரத்து, சீக்கிரம் வித்தாகணும்" என்று உளறிவிட்டேன்.

"விக்கிறவங்க ரகசியத்தை இப்படியாடி கொட்டுவ? உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்!" என்று சித்தி திட்டினாள். பிறகு சிரித்துவிட்டாள். நீ கவலைப்படாதே.

ஆனால் அன்று காலை அந்த வீட்டின் நிலவறையில் கசிந்திருந்த மழைத்தண்ணீரை நான்தான் துடைத்தேன். உதவி செய்வதாக நினைத்தேன். சித்திக்குத் தெரியாது. இன்று அவளுடைய வீட்டு விற்பனை முகவர் உரிமத் தேர்வுப் புத்தகத்தைப் படித்தேன். விற்பவரின் சொந்த விஷயத்தை முகவர் காக்க வேண்டும். வீட்டின் குறை தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

நாளைக் காலை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அந்தப் பெண் நிலவறையில்தான் குழந்தைக்கு அறை போடப்போகிறாளாம். சொன்னால் விற்பனை முறியும். சித்தி என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைக்காமல் உன்னுடைய தலையணை உறை ஒன்றும்.

சித்தி விழித்துவிட்டாள், கதவைத் தட்டுகிறாள். திறந்ததும் தண்ணீர் கசிந்ததைச் சொல்லிவிடப்போகிறேன்.

உன் மகள்,
கோரா